சம்பந்தி கையிலிருந்து பிடுங்கிய கிண்ணம்

எனக்கு ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியாது. இரண்டு வருடம் அந்த நாட்டில் வேலை பார்த்தவன் இதை வெளியே சொல்வது கேவலம்தான். ஆனால் முன்பே சொல்லித் தொலைத்திருந்தால், என் தங்கை மீனாவின் கல்யாணப் பேச்சில் அப்படியொரு கூத்து நடந்திருக்காது.

அங்கே ஒரு சின்ன ஊரில், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. வணக்கம், நன்றி, மன்னிக்கவும் என்ற மூன்று சொற்களை வைத்தே காலத்தை ஓட்டினேன். (மூன்றாவதுதான் அதிகம் தேய்ந்தது.) கடைக்குப் போனால் உறைமேல் இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் எதையும் வாங்குவேன். தயிர் என்று நம்பி ஒருநாள் சோற்றில் பிசைந்தது வெனிலா வாசம் அடித்தது. பசி. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதையும் தின்று முடித்தேன்.

என்னைக் காப்பாற்றியது ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த உடோன் கடை. உடோன் என்பது சுண்டுவிரல் தடிமனில் வெள்ளைவெளேரென்று இருக்கும் நூடுல்ஸ். அதைச் சூடான சூப்பில் மிதக்கவிட்டு, வெங்காயத்தாளைத் தூவித் தருவார்கள். சத்தமாக உறிஞ்சித்தான் சாப்பிட வேண்டும். முதல் நாள் நான் ஓசைப்படாமல் சாப்பிட்டதைப் பார்த்து, எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கடைக்கார அம்மாள் வெந்நீர் கொண்டுவந்து வைத்தார்.

தை மாதம் கறி, மீன் தொடமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதனால் இரண்டு தையிலும் வெறும் உடோன்தான். “எம் மகன் ஜப்பான்லயும் சுத்த சைவம்” என்று அம்மா எங்கள் ஊர் விளாங்குடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மூன்றாம் தையில் விடுமுறைக்கு வந்தேன். மீனாவைப் பார்த்துப் பிடித்துப்போன சமயநல்லூர்க்காரர்கள் பேசி முடிக்க ஞாயிறு காலையில் வருவதாக ஏற்பாடு. எங்கள் ஊர்ப்பக்கம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். இலையில் உட்காராமல் எழுந்துவிட்டால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு மாப்பிள்ளையின் அப்பா பழனிக்குப் பாதயாத்திரை போக மாலை போட்டிருந்தார். கடுமையான விரதம்.

அம்மா கேசரி, சாம்பார், தயிர்சோறு என்று ஒழுங்காகத்தான் செய்தாள். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. பெட்டியில் கொண்டுவந்திருந்த உடோனையும் சூப் பொடியையும் எடுத்தேன்.

“வேணாம்டா. அவுக என்ன நெனப்பாகளோ” என்றாள் அம்மா.

“சுத்த சைவம்மா. மாலை போட்ட சாமிக்குத் தாராளமாக் குடுக்கலாம்.”

பொடியைக் கொட்டிக் கலக்கும்போது மீனா உறையைத் திருப்பிப் பார்த்தாள். “அண்ணே, இதுல மீன் படம் போட்டுருக்கே?”

“அது கம்பெனி முத்திரை. மயில் படம் போட்ட சீயக்காய்ல மயிலா அரைச்சுப் போட்டுருக்கான்?”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே சந்தேகம். உறையைப் படமெடுத்து, என்னோடு வேலை செய்யும் மோரிக்கு அனுப்பி, இதில் என்ன இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டேன். பதில் இல்லை. வாசலில் கார் வந்து நின்றது.

அதன் பிறகு நான் உட்காரவே இல்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இருபது தடவையாவது நடந்திருப்பேன். போனைப் பார்ப்பேன், பையில் போடுவேன், உடனே மறுபடி எடுப்பேன். மாப்பிள்ளையின் அம்மா, “தம்பிக்கு அவசர ஜோலி இருக்கோ?” என்று கேட்டார். இல்லையென்று சொல்லிக்கொண்டே வாசல்வரை போய்த் திரும்பினேன்.

பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் தடுப்பதற்குள் அம்மா முதல் கிண்ணத்தைப் பெருமையோடு மாப்பிள்ளையின் அப்பா கையில் கொடுத்துவிட்டாள். “எம் மகன் ஜப்பான்ல விரதத்துக்குச் சாப்புடுறது, சாமி!”

போன் அதிர்ந்தது. மோரி எழுதியிருந்தான்: “காய்ந்த மீன் பொடி. மிகவும் சுவை!” பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திய ஒரு பொம்மை.

நிமிர்ந்து பார்த்தேன். கிண்ணம் அவர் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. பாய்ந்துபோய்ப் பிடுங்கிவிட்டேன். பாதி சூப் என் வேட்டியில், மீதி மாப்பிள்ளை சட்டையில்.

கை நனைக்க வந்த சம்பந்தி கையிலிருந்து சாப்பாட்டைப் பிடுங்கியவன், வைகைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் என்னைத் தவிர யாரும் இருக்கமாட்டான்.

அவர் நிதானமாகக் கேட்டார். “ஏன் தம்பி, அம்புட்டுப் பசியா?”

“இல்ல சாமி... பல்லி... பல்லி விழுந்துருச்சு.”

“எம் அடுப்படியில பல்லியா!” என்று அம்மா பின்னாலிருந்து அலறினாள். மாப்பிள்ளையின் அம்மா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். ஒரு பொய்யில் சம்பந்தமே போகப்போகிறது என்று தெரிந்ததும் என் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

“பல்லியெல்லாம் இல்ல. அந்தப் பொடியில மீன் இருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியும். எனக்கு அந்த எழுத்தே படிக்கத் தெரியாது, சாமி.”

“கம்பெனி முத்திரைன்னு சொன்னியேண்ணே!” என்று அறைக்குள்ளிருந்து மீனாவின் குரல் வந்தது.

சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வெடித்தது. வெட்கத்தை மறந்து மீனாவும் கதவோரம் வந்து சிரித்தாள். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப போன ரெண்டு தை மாசமும் நீங்க சாப்பிட்டது?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

“மீன்தான் போல, சாமி.”

வேட்டியில் ஒட்டிய நூடுல்ஸோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எழுந்துவிட்டால் மீனாவின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

“கமுக்கமா இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?” என்றார் கடைசியில். “எம் விரதம் போயிருக்கும். உங்க மானம் மிஞ்சியிருக்கும். பரவால்ல, மானத்த விட்டு விரதத்தக் காப்பாத்திட்டீங்க. அந்தப் பல்லிய மட்டும் மறந்துருவோம்.” பிறகு அம்மா பக்கம் திரும்பினார். “தாயி, தயிர்சோறு போடுங்க. தம்பி கையால வேணாம், நீங்களே போடுங்க.”

கை நனைத்தார். கல்யாணமும் நடந்தது. பந்தியில் நான் சாம்பார் வாளியோடு போனபோது, சமயநல்லூர் வரிசையில் இருந்த அத்தனை பேரும் சொல்லிவைத்ததுபோல இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்கள்.

இப்போது மீனாவின் மகளுக்கு மூன்று வயது. போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தவள் என்னைக் கண்டதும், தட்டை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“அம்மா, மாமா வந்துட்டாரு!”