இடமில்லை என்று சொல்லியிருந்தால்

இந்தத் தடவை ‘முடியாது’ என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி பவுலினிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. ஒரு சரித்திர வாத்தியாருக்கு இது அழகா?

விஷயம் இதுதான். அவள் தம்பி அருண் ஜோசப்புக்குத் தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு மாற்றல். சர்க்கார் குமாஸ்தா. உட்கார்ந்த இடத்தில் வேர் விடுகிற ரகம். அவனுக்கு என் முன்னறை வேண்டுமாம். ஃபேன், தெருப்பக்கத்து ஜன்னல், என் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான். எனக்குப் பின்கட்டு, நெல் மூட்டைக்குப் பக்கத்தில். கொஞ்ச நாளைக்குத்தானாம். வெள்ளைக்காரனும் வியாபாரம் செய்துவிட்டுப் போகத்தான் வந்தான்.

நேரே மறுத்தால் அழுவாள். சரித்திரத்தை வைத்தே மடக்கிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அடுப்படிக்குள் போனேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயம் உரிப்பவளுக்குச் சரித்திரம் எங்கே தெரியப்போகிறது? பாவம், தெரிந்துகொள்ளட்டும்.

“கம்பெனிக்காரன் கடற்கரையில கொஞ்சம் மணல் கேட்டான். நம்ம நாயக்கர் குடுத்தாரு. அன்னைக்கே இடமில்லைன்னு சொல்லியிருந்தா?”

“என்ன ஆயிருக்கும்?” என்றாள் பவுலின், கண்ணை அகல விரித்து.

அவள் என் பேச்சைக் கேட்பது அதுதான் முதல் தடவை. என் வகுப்புப் பையன்களே கேட்பதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோட்டை எழும்பியிருக்காது, கலெக்டர் வந்திருக்கமாட்டான் என்று அடுக்கினேன். அதற்குள் முன்பக்கம் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. எழுந்தேன்.

“பக்கத்து வீட்டு ஹலீம் பாய் பீரோ நகட்டுறாக. நீங்க உக்காருங்க. கம்பெனிக்காரன் சிறுவயல்லருந்து காட்டை வெட்டிக்கிட்டே வந்தான்னு சொல்வீகளே, அவன் வேற பாதை தேடாம அங்கேயே மல்லுக்கட்டியிருந்தா காளையார்கோவில் கோட்டை தப்பிச்சிருக்குமா?”

களிமண்ணிலும் கொஞ்சம் மூளை முளைக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். காளையார்கோவிலைக் காப்பாற்றினேன். கம்பெனியைக் கப்பலேற்றினேன். நடுவில் வெங்காயம் முழுவதையும் நானே உரித்து முடித்திருந்தேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தேன்.

“இப்பப் புரியுதா? கேட்டதும் இடம் குடுத்தா நாடே போயிரும். அதனால உன் தம்பிக்கு...”

தம்பி வாசற்படியில் நின்றான். என் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னறை ஃபேன் கடகடவென்று சத்தம் போடுவதாகவும் அத்தான் அதைப் பார்க்கக் கூடாதா என்றும் குறைபட்டான். பின்னால் ஹலீம் பாய். என் புத்தக பீரோவைப் பத்திரமாகப் பின்கட்டில் சேர்த்தாயிற்று என்றார். பவுலின் பொய் சொல்லவில்லை. பாய் நகட்டியது என் பீரோவை.

எனக்கு ரத்தம் கொதித்தது. “பவுலின், நான் முடியாதுன்னு சொல்லத்தான் வந்தேன்” என்றேன்.

அவள் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்னு பின்கட்டுல உக்காந்து எழுதுங்க. அங்குட்டு யாரும் தொந்தரவு பண்ணமாட்டாக.”