ஸ்விட்சைத் தேடும் கை

மனிதர்களில் ஸ்விட்ச் அணைப்பவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் குளியலறைக்குள் இருக்கும்போதே வெளியே விளக்கை அணைத்துவிட்டு, "உள்ளே யாராவது இருக்கேளா?" என்று கேட்பாரே, அவர்தான்.

மயிலாப்பூரில் கல்யாண கேட்டரிங் நடத்தும் ஸ்ரீரங்கன் இந்த இனத்தில் முதல் வரிசை. ஆள் எழுந்த நாற்காலிக்கு மேல் ஃபேன் சுற்றக்கூடாது, கரண்ட் போன நேரத்திலும் ஒரு நடை போய் எல்லா ஸ்விட்சையும் தடவிப் பார்க்க வேண்டும், மொபைலைக்கூடப் பேசும்போது மட்டும் உயிர்ப்பித்து, பேசி முடித்ததும் அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சிக்கனமா? அதெல்லாம் இல்லை. கை அரிப்பு.

போன மாதம் அவருடைய ஆபீஸ் போன் லைனை இன்டர்நெட்டோடு இணைக்க ஜஹீதா என்ற டெக்னீஷியன் வந்தார். பழைய போன்கள் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பெல்லாம் இனி கேட்வே என்ற சின்னப் பெட்டி வழியாக வரும். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு மினுக் மினுக்கென்றது. ஸ்ரீரங்கனுக்கு அப்போதே விரல் துடித்தது.

"சார், இத மட்டும் ஆஃப் பண்ணிடாதீங்க. பழைய லைனுக்கு டெலிபோன் ஆபீஸ்லேந்தே கரண்டு வந்துச்சு. இதுக்கு நம்ம கரண்டுதான்."

"தெரியும்மா. பேசாத நேரத்துல எதுக்கு எரியணும்?"

"பேசாதப்பதான் சார் கால் வரும்!"

மகள் ஜானு 'அணைக்காதே அப்பா' என்று எழுதி அந்தப் பெட்டியின் ஸ்விட்ச் மேல் ஒட்டிவைத்தாள்.

டிசம்பர் கச்சேரி சீசனில் சபா கேண்டீனை நடத்துவது ஸ்ரீரங்கனின் பன்னிரண்டு வருஷக் கனவு. இந்த முறை கிட்டத்தட்டக் கைக்கே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சபா செயலாளர் போன் செய்வார். இவர் சம்மதம் சொன்னால் முடிந்தது. ஸ்ரீரங்கன் பத்தரைக்கே நெற்றிக்கு இட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று ஃபேனை நிறுத்தினார், பகலில் எதற்கென்று வாசல் விளக்கை அணைத்தார், வந்த வேகத்தில் ஜானுவின் காகிதத்தை மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு அடியில் இருந்ததையும் அணைத்தார்.

பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று.

"பாத்தியாடி ஜானு, புது லைன் எவ்வளவு அமைதியா இருக்கு! ஒரு ராங் நம்பர்கூட வரலை."

ஒரு மணிக்குப் பொறுக்கமாட்டாமல் சபாவுக்கே நேரில் போனார்.

"ஏழு தடவை போட்டேன் ஓய்!" என்றார் செயலாளர். "மொபைல் ஸ்விட்ச் ஆஃப். சரி, போகட்டும். லேண்ட்லைன்லயும் அதே பதில். லேண்ட்லைனையுமா ஒருத்தர் ஸ்விட்ச் ஆஃப் பண்ணி வைப்பார்? கமிட்டி எவ்வளவு நாழி காத்துண்டிருக்கும்? வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், பன்னிரண்டு வருஷம். எழுந்தார், கதவு வரை தளர்ந்து நடந்தார், செயலாளர் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே அறை விளக்கை அணைத்துவிட்டு வெளியேறினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படித்து முடித்து எழுந்து போகும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். அறைக்குள் இன்னும் யாராவது இருக்கப்போகிறார்கள்.