மாடி வீட்டு வைஃபையும் பன்னிரண்டு தாளும்

மோடத்தில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாகி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. வேதியியல் டீச்சர் அதை அணைத்துப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள், கம்பியைப் பிடுங்கிச் செருகினாள். கடைசியில் அதன் முதுகில் ஒரு தட்டும் தட்டினாள்.

"அதை அடிச்சு என்ன பிரயோஜனம்?" என்றார் கணவர், நாற்காலியிலிருந்து தலையைத் தூக்காமல். "தெருமுனையில குழி தோண்டறவங்க ஒயரை அறுத்துட்டாங்க. திங்கக்கிழமைதான் வருமாம்."

"இதை இப்பத்தான் சொல்றீங்களா?"

"நீ கேக்கலையே."

"சரி, உங்க போன்லேர்ந்து நெட் குடுங்க."

"தீர்ந்துபோச்சு."

"காலையிலதானே போட்டீங்க?"

"வீடியோவுல ஒருத்தன் ஒரே மரத்துல படகு செதுக்கறான். பாதியில எப்படி விடறது?"

"உங்களுக்கு எதுக்குங்க படகு?"

"எதுக்குன்னு இல்ல. பாக்க நல்லா இருக்கு."

அவளுடைய போனிலும் ஒன்றும் மிச்சமில்லை. படகின் முதல் பாகத்தை அவர் அதில்தான் பார்த்திருந்தார்.

மணி நாலு. ஆறு மணிக்குள் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் கேள்வித்தாள் தலைமையாசிரியையின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மூன்று கிளைகள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே கேள்வித்தாள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தயாரிக்கும் பொறுப்பு இவளிடம் வந்திருந்தது. போன வருஷம் வரலாற்று ஆசிரியரின் கேள்வித்தாள் எப்படியோ வெளியே போய்விட்டது. அதன் பிறகு அவரை நூலக அறையில் உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் அவர் அங்கேதான் புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

"மாடி வீட்டுல கேக்கலாமே," என்றார் கணவர்.

மாடி வீட்டம்மா கேட்டு முடிப்பதற்குள் கொடுத்துவிடுகிற ரகம்.

"வைஃபைதானே? அதுக்கெதுக்கு இவ்வளவு தயக்கம் டீச்சர்? உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க. பாஸ்வேர்ட் பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு பாருங்க. சிட்டு பேரும் அவ பொறந்த வருஷமும்தான். பால்காரருக்கே தெரியும்."

பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள் சிட்டு. பன்னிரண்டாம் வகுப்பு, இவளுடைய வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. அந்தச் சிரிப்பு டீச்சருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பாஸ்வேர்டை எழுதிக்கொண்டு வந்தாள்.

கீழே வந்து லேப்டாப்பையும் போனையும் இணைத்தாள். நெட் வந்தது. கேள்வித்தாளை எடுத்து அனுப்பப் போனாள்.

"அனுப்பிட்டியா?" என்றார் கணவர்.

"அனுப்பப் போறேன்."

"ஒரு நிமிஷம் இரு. அடுத்த வீட்டு வைஃபைல போறதெல்லாம் அந்த வீட்டுக்காரங்க பாக்கலாம்னு குரூப்ல வந்துச்சு."

அவள் விரல் அப்படியே நின்றது. "எப்படிப் பாக்க முடியும்?"

"எப்படின்னு போடல. பாக்கலாம்னுதான் போட்டிருந்தான். நாம போற வர்ற பாதை அவங்க வீட்டு வழியா இருக்குல்ல? ஜன்னலைத் திறந்து வச்சா தெரியாதா?"

"மாடி வீட்டம்மாவுக்கு போன்ல சத்தத்தைக் குறைக்கவே தெரியாது."

"அந்தம்மாவைச் சொல்லல. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் படிக்குது."

உண்மைதான். சிட்டு வேதியியலில் எப்படியோ, கம்ப்யூட்டரில் முதல் மதிப்பெண். டீச்சர் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப என்னதான் பண்றது?"

"நெட்டே வேணாம். பிரின்ட் எடு, கவர்ல போட்டு ஒட்டு. நான் ஸ்கூட்டர்ல கொண்டுபோய் ஹெச்.எம். கையிலயே குடுத்துடறேன். கைக்குக் கை. அதை விடப் பாதுகாப்பு வேற எதுல?"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை என்று டீச்சருக்குத் தோன்றியது. தங்கள் பிரின்டரைப் போட்டாள். லேப்டாப்பில் பிரின்ட் என்பதை அழுத்தினாள். பட்டியலில் ஒரே ஒரு பிரின்டர் இருந்தது. சரி என்றாள்.

பிரின்டர் அசையவில்லை.

மறுபடி அழுத்தினாள். மாடியில் யாரோ மிக்சி போடுகிற மாதிரி 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"இதுவும் சண்டித்தனம் பண்ணுதுங்க."

"இன்னொரு தடவை அழுத்து. சில சமயம் தூங்கும்."

அழுத்தினாள். மாடியில் 'கிர்ர்ர்'. இன்னொரு தடவையும் அழுத்தினாள். 'கிர்ர்ர்.'

"அப்படி என்னத்தைத்தான் அரைக்கறாங்க அந்தம்மா? மூளையே கலங்குது," என்றவள் திரையைப் பார்த்தாள். கீழ் மூலையில் சின்னதாக ஓர் அறிவிப்பு. 'சிட்டு வீட்டு பிரின்டர்: பன்னிரண்டு பக்கங்கள் முடிந்தன.'

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க..."

"என்ன?"

"கேள்வித்தாளு மாடியில வந்துடுச்சுங்க."

கணவர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினார். "எத்தனை?"

"மூணு பக்கம். நாலு தடவை."

"ஒண்ணு போதாதா? நாலு எதுக்கு அனுப்பினே?"

"நீங்கதானே தூங்கும், அழுத்துன்னீங்க!"

"நம்ம பிரின்டரைச் சொன்னேன். அதுவும் நம்ம வைஃபைலதானே ஓடுது? லேப்டாப் அவங்க வைஃபைல இருக்கறப்ப அவங்க பிரின்டர்தான் தெரியும்."

"இது முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"நீ கேக்கலையே."

அவரிடம் சண்டை போட நேரமில்லை. கையில் கிடைத்த ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியேறினாள். அது அவளுடைய கிண்ணமேதான். திருப்பிக் கொடுக்க வந்தது போல இருக்கட்டும் என்று எடுத்தாள்.

"இது எங்களுது இல்லையே டீச்சர்," என்றாள் மாடி வீட்டம்மா.

"அப்படியா? எனக்கு உங்களுது மாதிரி இருந்துச்சு. அது கிடக்கட்டும், இங்க ஏதோ சத்தம் கேட்டுதே?"

"அதை ஏன் கேக்கறீங்க! யாரும் தொடவே இல்ல, அந்த பிரின்டர் பாட்டுக்குத் தானா எந்திரிச்சுத் தாள் தாளாத் துப்புது. எனக்கு ஒரு நிமிஷம் உசிரே போயிடுச்சு. ஒயரைப் பிடுங்கலாம்னு போறதுக்குள்ள நின்னுடுச்சு."

"அந்தத் தாளெல்லாம்?"

"சிட்டுதான் எடுத்து வச்சுக்கிட்டா."

உள் அறையில் சிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு கத்தைத் தாள். மேல் தாளில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரின் கண் தாளின் மேலேயே நின்றது. மேல்பக்கம் கணக்கு, அடிப்பக்கம்? பிடுங்கிப் பார்க்கலாம். பார்த்தால் 'ஏன் டீச்சர்?' என்பாள். என்ன சொல்வது? 'உன் பரீட்சைக் கேள்வித்தாளின் முதுகில் கணக்குப் போடுகிறாய், கொடு' என்றா?

"என்ன சிட்டு, படிக்கிறியா?"

"ஆமா டீச்சர்."

"வேதியியல் பாத்தியா?"

"பாக்கணும் டீச்சர்."

பாக்கணுமா, பார்த்தாச்சா? டீச்சர் சிட்டுவின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அதைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள். இந்த முகத்தை நம்பக் கூடாது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு ஒரு யோசனை பளிச்சிட்டது. கேள்வித்தாளைப் படித்திருந்தால் அந்தக் கேள்விகளைக் கேட்டதும் கண்ணில் ஒரு திடுக்கிடல் தெரியாமலா போகும்? பதினாறு வருஷமாகக் காப்பி அடிப்பவர்களின் கண்களைப் பார்த்தவள் அவள்.

"சரி, சும்மா கேக்கறேன். மின்னாற்பகுப்பு முதல் விதி என்ன?"

சிட்டு விழித்தாள். திடுக்கிடல் இல்லை. வெறும் விழிப்பு.

"இரும்பு துருப்பிடிக்கிறதைத் தடுக்க மூணு வழி?"

விழிப்பு.

"அம்மோனியா தயாரிக்கிறப்ப வெப்பத்தைக் கூட்டினா என்ன ஆகும்?"

"சுடும் டீச்சர்."

டீச்சருக்குக் கண்ணீரே வந்துவிடும் போலிருந்தது, சந்தோஷத்தில். ஆனாலும் அரைகுறையாக விடக் கூடாது. ஐந்து மதிப்பெண் கேள்விகள் எட்டையும் ஒன்று விடாமல் வரிசையாகக் கேட்டாள். எட்டுக்கும் சிட்டு ஒரே மாதிரி விழித்தாள். நடுவில் பேனாவை எடுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டும் இருந்தாள்.

"என்ன எழுதறே?"

"ஒண்ணுமில்ல டீச்சர். எதெது தெரியலன்னு குறிச்சுக்கறேன்."

"நல்ல பொண்ணு. நல்ல பழக்கம்," என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை மறந்து வைத்துவிட்டு, இறங்கி வந்தாள்.

"பாக்கவே இல்லங்க! எட்டு கேள்வி கேட்டேன், ஒண்ணுக்குக்கூடப் பதில் தெரியல."

கணவர் தாடையைச் சொறிந்தார். "பதில் தெரியலன்னா கேள்வியைப் பாக்கலன்னு அர்த்தமா?"

"வேற என்ன அர்த்தம்?"

"கேள்வித்தாளைக் கையில வச்சிருந்தாலும் பதில் தெரியாத பிள்ளைங்க இருக்கும்ல. உன் கிளாஸ்தானே?"

டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் மோடமே பற்றி எரிந்திருக்க வேண்டும். அதற்குள் போன் அடித்தது. வகுப்பில் படிக்கும் வேறொரு பையனின் அம்மா.

"டீச்சர், நான் நேராவே கேக்கறேன். எல்லாரும் ஒரே பீஸ்தானே கட்டறோம்? சிட்டுவுக்கு மட்டும் முக்கியமான கேள்வி குடுத்திருக்கீங்களே, இது ஓரவஞ்சனை இல்லையா?"

"நான் யாருக்கும் ஒண்ணும் குடுக்கலையே!"

"அப்படிச் சொல்லாதீங்க. பிள்ளைங்க குரூப்ல சிட்டு போட்டிருக்கா. 'இதை மட்டும் படிங்க, போதும்'னு எழுதியிருக்கா. அவளா சொல்றா? படத்தை உங்களுக்கு அனுப்பறேன், நீங்களே பாருங்க."

படம் வந்தது, மாடி வீட்டு வைஃபை வழியாகவே. வெள்ளைத் தாளில் கோணல்மாணலான கையெழுத்து. மின்னாற்பகுப்பு, துரு, அம்மோனியா... எட்டும் இருந்தன.

"பாத்தீங்களா திருட்டுத்தனத்தை?" டீச்சர் போனைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "அச்சடிச்ச தாளையே போட்டா மாட்டிக்குவோம்னு கையால காப்பி அடிச்சுப் போட்டிருக்கா. என் முன்னாடி உக்காந்து எப்படி முழிச்சா! என்ன நடிப்பு!"

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"ஹெச்.எம்.கிட்ட சொல்லிடறேன். நாளைக்கு அவங்களா கண்டுபிடிச்சா நூலகத்துல எனக்கும் ஒரு நாற்காலி போட்டுடுவாங்க."

தலைமையாசிரியை போனில் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஆக, இது மெஷின் செஞ்ச தப்பு. அப்படித்தானே?"

"சத்தியமா மேடம். என் வாயிலேர்ந்து ஒரு எழுத்து வெளியே போகல. பக்கத்து வீட்டு வைஃபைல கனெக்ட் பண்ணினேன், அது பாட்டுக்கு அவங்க பிரின்டருக்குப் போயிடுச்சு."

"போன வருஷம் வரலாற்று சாரும் இப்படித்தான் என்னென்னமோ சொன்னார். கையில ஆதாரம் எதுவும் இல்ல. மெஷின் தப்புன்னா உங்க மேல நடவடிக்கை கிடையாது. வேற கேள்வித்தாள் நாளைக்கு மத்தியானம் குடுங்க, போதும். ஆனா டீச்சர் வாயால சொன்னதா இருந்தா, அது வேற விஷயம்."

"ஆதாரம் இருக்கு மேடம்! பன்னிரண்டு தாளும் மாடியிலதான் இருக்கு. கேள்வித்தாள் அப்படியே அச்சாகியிருக்கு."

"நல்லது. போனை வைக்காதீங்க. இப்பவே மேல போங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவங்க பிரின்டர்ல அந்தத் தாள் வந்ததை அவங்க வாயாலயே நான் கேக்கணும்."

டீச்சர் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூட்டுவலி நினைவுக்கே வரவில்லை. பின்னாலேயே கணவரும், மாடி வீட்டு வைஃபையில் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த படகைப் பாதியில் விட்டுவிட்டு.

"வாங்க டீச்சர். கிண்ணத்தை விட்டுட்டுப் போயிட்டீங்க."

"கிண்ணம் கிடக்கட்டும்." டீச்சர் போனை நீதிபதி முன்னால் நீட்டுகிற மாதிரி மாடி வீட்டம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "எங்க ஹெச்.எம். லைன்ல இருக்காங்க. ஒளிவுமறைவு வேணாம். சிட்டுவை ஒண்ணும் பண்ண மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. சாயங்காலம் உங்க பிரின்டர்ல தாள் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சே. நான்தான் உங்ககிட்ட சொன்னேனே."

டீச்சர் கணவரை ஒரு தடவை வெற்றியோடு திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டீங்களா மேடம்? பன்னிரண்டு தாள்! இப்ப அந்தத் தாள்ல என்ன இருந்துச்சுன்னும் நீங்களே மேடம்கிட்ட சொல்லிடுங்க."

மாடி வீட்டம்மா போனுக்குள் இருப்பவருக்கு மரியாதையாக முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகச் சொன்னாள்:

"அதுல என்னங்க இருக்கும், எங்க பிரின்டர்ல மை தீர்ந்து எட்டு மாசமாச்சு, வெறும் வெள்ளைத் தாளாத்தான் வந்துச்சு, நம்ம டீச்சர் மேல வந்து பரீட்சைக் கேள்வியை ஒவ்வொண்ணாச் சொன்னப்ப, எழுதிக்க சிட்டுவுக்கு அது எவ்வளவு வசதியாப் போச்சு தெரியுமா!"