மாப்பிள்ளை மேல் வீசிய வாசனை

ஏற்காடு,
கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை.

சேலம் ஆஸ்பத்திரியில் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கும் பிரியமுள்ள மாப்பிள்ளை, டிரைவர் வேடியப்பன் அவர்களுக்கு, ஓய்வுபெற்ற எஸ்டேட் ரைட்டர் பொன்னுரங்கம் மலைச்சாமி சேர்வராயனை வேண்டிக்கொண்டு எழுதுவது. இங்கே நான், என் சம்சாரம், உங்களுக்கு நிச்சயம் செய்த எங்கள் மகள் அமுதா, சினைப்பசு எல்லோரும் சுகம். ஆனால் என் முகத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பது இப்போதைக்குப் பசு மட்டும்தான். அதற்கான காரணத்தை உங்கள் கண்டக்டர் மூக்கன் கைகால் வைத்துச் சொல்லியிருப்பான். அதனால் உள்ளதை நானே எழுதிவிடுகிறேன்.

குப்பனூர் ரோட்டில் உங்கள் பஸ் சரிந்து, வாழவந்தி அருக்காணியம்மாளோடு மூன்று உயிர் போன அன்றைக்கு, அடிபட்டவர்களை லாரியில் ஏற்றி எங்கள் பஜாருக்குக் கொண்டுவந்தார்கள். ஊரே கூடி நின்றது. என்ன நடந்தது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது யாராவது பெரிய மனிதர் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும், எல்லோரும் என்னைத்தான் பார்ப்பதாக எனக்குப் பட்டது. லாரியில் ஏறி, மயங்கிக் கிடந்த உங்கள் சட்டைப் பக்கம் மூக்கைக் கொண்டுபோனேன். "சாராயமுங்க" என்றேன். ஒரே ஒரு சொல்தான், மாப்பிள்ளை. மாமனார் ஆகப்போகிறவனே சொன்னால் பொய்யாக இருக்குமா என்று ஊர் நம்பிவிட்டது. நான் சித்தன் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் இருந்தது. ஏரிக்கரையில் அது மூன்று பாட்டிலாயிற்று. தபால் ஆபீஸ் வாசலில் கூடவே வறுத்த கோழியும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் உரக்கடை தேவசிகாமணி மூச்சிரைக்க ஓடிவந்து, நீங்கள் வாழவந்தியிலேயே குடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினீர்களாமே என்று கேட்டார். ஆகா, நான் சொன்னதற்குச் சாட்சியே வந்துவிட்டது என்று எனக்கு ஆவேசம் பொங்கிவிட்டது. நான் விட்ட சொல்தான் ஊரைச் சுற்றிக் கோழி தின்றுவிட்டு என்னிடமே திரும்பி வந்திருக்கிறது என்று தோன்றவேயில்லை. அந்த ஆவேசத்தில்தான் நடுபஜாரில் நின்று, தட்டு மாற்றியது செல்லாது, குடிகாரனுக்கு என் பெண் கிடையாது என்று கத்தினேன். அமுதா அப்போது பின்னால் நின்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

மறுநாள் காலையில் தேவகுமாரி டீச்சரைப் பார்க்கப் போனேன். அந்த அம்மாவும் உங்கள் பஸ்ஸில் வந்து கையை முறித்துக்கொண்டவர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். துவைக்கக் கிடந்த அவர் புடவையைத் தாண்டி நாற்காலியில் உட்காரப் போனால், அதே வாசனை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையும் அந்த பஸ்ஸில் வந்ததுதான், அதன் சட்டையிலும் அதே வாசனை. டீச்சரும் குழந்தையும் சேர்ந்து குடித்தார்களா என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தது நிஜம், மறைக்க மாட்டேன். பிறகுதான் டீச்சர் சொன்னார். பஸ் போய் விழுந்தது, எஸ்டேட்காரர்கள் காப்பிப் பழத்தொலி கொட்டிவைக்கும் குழியில். நன்றாகப் புளித்த தொலியாம். நீங்கள் அதில் முங்கி முங்கித்தான் ஒவ்வொருவராக வெளியே இழுத்தீர்களாம். மாப்பிள்ளை, நான் முப்பது வருஷம், காப்பிப் பழத்துக்குத் தொலி உரிக்கும் பல்ப்பர் ஹவுஸில் நின்று கணக்கு எழுதியவன். இதே வாசனைக்காகத்தான் என் சம்சாரம் சீசன் முழுக்க என்னைப் பின்வாசல் வழியாக மட்டும் வீட்டுக்குள் விடுவாள். அப்பொழுதெல்லாம் என்னை யாரும் குடிகாரன் என்று சொன்னதில்லை.

உடனே பஜாருக்கு ஓடி, சாராயம் இல்லை, தொலிதான் என்று கடை கடையாகச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. மாமனார் மூடி மறைக்கிறார் என்றார்கள். மழையில் ரோட்டோரம் அரித்துப்போய்ச் சக்கரத்துக்கடியில் இடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் உங்களைத் தூற்றுவதை விட்டார்கள். அந்த மூன்று பாட்டிலும் வறுத்த கோழியும் இப்போது ஊர்ப்பேச்சில் ரோடு காண்ட்ராக்டர் கைக்குப் போயிருக்கின்றன. அவரை நான் பார்த்ததில்லை, அதனால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மூக்கன் வந்து, நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்கிறீர்கள் என்றான். "மூணு உசுர நாந்தான் கொன்னேன், அமுதாவுக்கு வேற எடம் பாக்கச் சொல்லு" என்றீர்களாம். கேட்டு நான் அழுதுவிட்டேன். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வது என் வேலை மாப்பிள்ளை, அது உங்களுக்கு வராது. தயவுசெய்து சாப்பிடுங்கள். தை பிறந்ததும் கல்யாணம். ஆனால் கொஞ்ச காலம் வாழவந்திப் பக்கம் தலைகாட்ட வேண்டாம். அருக்காணியம்மாள் மகள் பாப்பாத்தி உங்களைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுவாள். பெற்றவளைப் பறிகொடுத்தவளிடம் நியாயம் பேச முடியாது. நானே நேரில் வந்து சொல்லியிருப்பேன், விபத்துக்குப் பிறகு பஸ் ஏறக் கால் வரவில்லை. பயம் என்று மூக்கன் சொல்வான். மூட்டுவலி என்று வைத்துக்கொள்ளவும்.

சேர்வராயன் உங்கள் காலையும் மனசையும் சீக்கிரம் நேராக்கட்டும். நர்சம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
மாமா என்று நீங்கள் கூப்பிடக் காத்திருக்கும்
பொன்னுரங்கம்

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருக்கும், பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவரை ஒட்டும் நேரத்தில் பாப்பாத்தி எங்கள் வாசலில் வந்து நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நான் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். அமுதாதான் திறந்தாள். பாப்பாத்தி கையில் தூக்குப்போசி. ஆஸ்பத்திரியில் எந்த வார்டு என்று கேட்டாள். உனக்கு அவர் மேல் கோபம் இல்லையா என்று நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "முறிஞ்ச காலோட எங்கம்மா தலைய மடியில வச்சு, கடைசி வாய்த் தண்ணி குடுத்தது அவருதானுங்க. டீச்சரம்மா சொன்னாங்க. அவரு நொம்ப நாளாச் சாப்புடலீன்னாங்க, அதான் களி கிண்டியாந்தேன்" என்றாள். ஆகவே மேலே பாப்பாத்தியைப் பற்றி எழுதியதை எல்லாம் அடித்துவிடவும். மூட்டுவலியையும் அடித்துவிடவும். நாங்கள் மூன்று பேரும் வந்துகொண்டிருக்கிறோம். உங்கள் பஸ் சரிந்த அந்த வளைவு வந்தபோது பாப்பாத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அமுதாவும் பிடித்துக்கொண்டாள். களி இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, மாப்பிள்ளை. நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், பாப்பாத்தி கையால் கொடுத்தால் வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியாது.