ஃபியூஸ் கட்டைத் திருடன்

மச்சினனை வீட்டைவிட்டுக் கிளப்பியே தீருவது என்று சூப்பர்வைசர் சபதம் எடுத்துக்கொண்டார். குடோனில் ஒரு பட்டாளத்தையே மேய்க்கிறவர் அவர். வீட்டில் அவரை மேய்க்க அவர் மனைவி ஒருத்தி போதும். அவளுடைய தம்பிதான் இந்த மச்சினன்.

ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன், மாதம் ஒன்றாகியும் ஹாலில் அவருடைய சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேலே ஃபேன், கண்ணுக்கு நேரே டிவி. சூப்பர்வைசர் பக்கத்தில் போய் முறைத்தால், "அத்தான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படம் மறைக்குது" என்பான். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காற்றும் படமும் இல்லாத வீட்டில் இவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? சாயங்காலம் காய்கறிப் பையோடு கிளம்பியவர், வாசற்கதவை ஒட்டியிருந்த போர்டில் மெயினை அணைத்தார். ஹாலுக்கான ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு, பூனை மாதிரி நழுவினார்.

மனைவிக்கு கரண்ட் என்றாலே பயம் என்பது அவர் எண்ணம். போன வாரம் கட்டைக்குக் கம்பி கட்டும்போது அவளை நிற்கவைத்துப் பாடமே நடத்தியிருந்தார்.

"இந்தப் பீங்கான் கட்டைக்கு ரெண்டு பித்தளைக் காலு. நடுவுல மெல்லிசா கம்பி. கரண்ட் அளவுக்கு மேல போச்சுன்னா கம்பி உருகிடும், வீடு தப்பிச்சுடும். கட்டையை உருவி, வேற கம்பி கட்டி மறுபடி சொருகினா தீந்துச்சு. கார்ல, ஸ்டெபிலைசர்ல, எங்க பாத்தாலும் இதே வித்தைதான். உருவம்தான் வேற."

அவள் கொட்டாவி விட்டாள். ஒன்றும் ஏறவில்லை என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

காய்கறியோடு திரும்பியபோது தெருமுனைவரை டிவி சத்தம் கேட்டது. உள்ளே ஓடினார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மச்சினன் அதே சாய்வு நாற்காலியை போர்டுக்கு அடியில் இழுத்துப்போட்டு, கையில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னடி இது?"

"என்னங்க, வீட்டுல திருடன் பூந்துட்டான்! நகையைத் தொடல, பணத்தைத் தொடல. ஹால் ஃபியூஸ் கட்டையை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டான்."

"அப்புறம் ஃபேன் எப்படி ஓடுது?"

"மெயினை அணைச்சுட்டு, படுக்கையறைக் கட்டையை உருவி இதுல சொருகிட்டேன். எல்லாம் ஒரே அளவுதானே? நீங்கதான அன்னிக்கு அவ்வளவு வெளக்கமா சொன்னீங்க!"

தவளை தன் வாயால் கெடும் என்பது சூப்பர்வைசருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்போ படுக்கையறை?"

"இருட்டுதான். நானும் தம்பியும் ஹால்ல படுத்துக்கறோம். நீங்க உள்ள காவலுக்குப் படுங்க."

"நாளைக்குக் கிளம்பறதா இருந்தேன் அத்தான்" என்றான் மச்சினன், துடைப்பத்தைத் தோளில் சாய்த்தபடி. "பெட்டிகூடக் கட்டிட்டேன். இப்படித் திருட்டு பயம் உள்ள வீட்டுல அக்காவை எப்படி விட்டுட்டுப் போறது?"

சூப்பர்வைசருக்கு அழுகையே வந்துவிட்டது. கை தானாகப் பாக்கெட்டை மூடிக்கொண்டது. மனைவி அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருடன் அகப்படற வரைக்கும் தம்பி இங்கதான் இருப்பான். சீக்கிரம் அகப்பட்டுடுவானாங்க?"

சூப்பர்வைசர் காய்கறிப் பையைப் பாக்கெட்டுக்கு முன்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அகப்படவே மாட்டான்" என்றார்.