லண்டனுக்குப் பனங்கட்டி

எழுபத்தேழாம் ஆண்டுக்குப் பிறகு, இறக்குமதிக் கதவு திறந்த கையோடு, நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓர் இனம் முளைத்திருக்கிறது: ஏற்றுமதிப் பிரமுகர். கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு தரம் லண்டன் போய் வந்திருப்பார். ஒன்று மகளின் பிள்ளைப்பேற்றுக்கு, மற்றது 'நாட்டுக்காக'. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். பிரெஞ்சுக்காரனின் வைனைப் பனஞ்சாராயம் ஒருநாள் மண்கவ்வ வைக்கும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சபதம் செய்வார். குடித்துப் பார்த்திருக்கிறாரா? சீச்சீ! மிஷன் குடும்பம். விஸ்கி மட்டும்தான், அதுவும் மருந்துக்கு.

மானிப்பாய் ஏர்னெஸ்ட் நவரட்ணம் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய விறாந்தைக் கண்ணாடி அலுமாரியில் பனைவெல்லத்தைச் சின்ன ஓலைப்பெட்டியில் வார்த்து, சிவப்பு றிபன் கட்டிய பனங்கட்டிக் குட்டான் ஒன்று, பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு கட்டு, பனஞ்சாராயம் ஒரு போத்தல். மூன்றும் பூட்டுக்குள். தொட்டவர் இல்லை.

இந்த ஐப்பசியில் அவருக்கு யோகம் அடித்தது. லண்டனில் கடைகள் வைத்திருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், அங்கே இவருடைய பிரசங்கத்தைக் கேட்டு மயங்கி, ஐயாயிரம் குட்டான் பனங்கட்டிக்கு ஓடர் எழுத நேரிலேயே வருவதாய்க் கடிதம் போட்டார். உடுவில் பக்கத்துப் பெண்கள் சங்கத் தலைவி தங்கமுத்து ஓடி வந்தாள். அந்த ஐயாயிரமும் அவளுடைய கொட்டிலில்தான் தொங்கின.

"மாரி பிடிச்சால் எல்லாம் கசிஞ்சு பாணியாய் ஓடிப்போம், ஐயா."

"பயப்படாதையும், தங்கமுத்து. ஆள் என்ரை கைக்குள்ளை."

வெள்ளைக்காரர் வரவிருந்த அன்று காலை மனைவி ஐரிஸ் மெல்லக் கேட்டாள்: "ஒடியல் கூழ் காய்ச்சட்டே?"

"உமக்கென்ன விசரே? வெள்ளைக்காரனுக்குக் கூழோ? எங்களைப் பற்றி என்ன நினைப்பான்!"

ஆகவே மேசைக்கு அவுஸ்திரேலியச் சீஸ் வந்தது, டென்மார்க் பன்றியிறைச்சி ரின் வந்தது, ஒல்லாந்து பிஸ்கற் வந்தது, கொழும்பிலிருந்து வைக்கோல் சுற்றி, மடியில் வைத்து, யாழ்தேவி றெயிலில் குழந்தைபோல் கொண்டுவந்த ஸ்கொட்லாந்து விஸ்கியும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது தண்ணீர் ஒன்றுதான். அதுவும் கொதிக்கவைத்தது.

வெள்ளைக்காரர் பண்பாகச் சாப்பிட்டார். விமானத்திலும் இதுதானே கொடுத்தார்கள்! கடைசியில் தேத்தண்ணி வந்தது, பளிங்குக் கிண்ணத்தில் சீனிக்கட்டியோடு. அவர் கண் அலுமாரிக்குப் போனது.

"இங்கே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேநீர் குடிப்பீர்கள் என்று லண்டனில் சொன்னீர்களே. அதற்காகத்தான் காத்திருந்தேன்."

சும்மா சிரித்திருந்தால் போதும். அலுமாரியைத் திறந்திருந்தால் இன்னும் நல்லது. ஆனால் குடும்ப கௌரவம் நுனிநாக்கில் குந்தியிருக்கும்போது வாய் மூடுமா?

"நோ, நோ! எங்கள் வீட்டில் பாட்டனார் காலந்தொட்டு வெள்ளைச் சீனிதான். பனங்கட்டியோ சீனி வாங்க வசதியில்லாதவர்கள் சாப்பிடுகிற சாமான்."

வெள்ளைக்காரர் கோப்பையை வைத்தார்.

"சீனி வாங்க வசதியில்லாதவர்களை லண்டனில் நான் எங்கே தேடுவேன், மிஸ்டர் நவரட்ணம்?"

ஓடர்க் கடதாசி கையெழுத்தில்லாமல் பைக்குள் திரும்பிப் போனது. காரும் போனது.

சத்தம் கேட்டு, குசினி அடுப்படியில் ஓலைக் கடகத்தோடு காத்திருந்த தங்கமுத்து முன்னுக்கு வந்தாள்.

"என்னவாம், ஐயா?"

"உவங்களுக்கு ருசி தெரியாது, தங்கமுத்து. உலகச் சந்தை இன்னும் பக்குவப்படேல்லை."

அவள் கறுத்துவரும் வானத்தைப் பார்த்தாள். பிறகு மேசையில் கிடந்த சீனிக்கட்டியைப் பார்த்தாள்.

"லண்டன் கிடக்கட்டும், ஐயா. முதல்லை உங்கடை குசினிக்குப் பத்துக் குட்டானை ஏற்றுமதி செய்து பாக்கட்டே?"

அவர் வாய் திறக்குமுன் ஐரிஸ் சொன்னாள்: "பத்துக் காணாது. இருபது தாரும்."

நவரட்ணத்தார் தொண்டையைச் செருமினார். "சரி, சரி. ஆனால் பின்கதவாலை கொண்டு போம். ஆரும் காணாமல்."

சிரிக்கிறீர்களோ? சிரியுங்கள். போன கிழமை உங்கள் வீட்டுக்குக் கொழும்பு விருந்தாளி வந்தபோது எதை வைத்து உபசரித்தீர்கள்? நீங்கள் பிஸ்கற் ரின்னைத் திறந்த சத்தம் தங்கமுத்துவின் கொட்டில்வரைக்கும் கேட்டதாம். அங்கே இன்னும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது குட்டான் தொங்குகிறது. மாரியும் கிட்டடியில். உங்கள் வீட்டுப் பின்கதவு எந்தப் பக்கம்?