மூன்றாம் பிரிவின் சிறுநீரகம்

சிறுநீரகம் என்பது தனிமனிதச் சொத்து என்ற மூடநம்பிக்கையை ஒழித்துக்கட்டிய பெருமை, குடிநீர் இணைப்பு அலுவலகத்தின் மூன்றாம் பிரிவையே சாரும். மற்ற இடங்களில் மனிதர்கள் ஆளுக்கு இரண்டு வைத்துக்கொண்டு, 'என்னுடையது' என்று இன்னும் அற்பத்தனமாகப் பேசித் திரிகிறார்கள். மூன்றாம் பிரிவில் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரே சிறுநீரகம்தான். அதன் பெயர் 'பிரிவுச் சராசரி'.

ஆண்டுக்கொரு முறை 'ஊழியர் நலக் குழு' எல்லோருக்கும் ரத்தம் எடுக்கும். சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்கும். ஒன்று புள்ளி மூன்றைத் தாண்டினால் வில்லங்கம். பத்து முடிவுகளையும் கூட்டி, பத்தால் வகுத்து, வந்த எண்ணைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள். தனி முடிவு யாருக்கும் கிடையாது. ஒரு குடும்பத்துக்குள் என்ன தனி?

இந்த ஆண்டு ஒன்று புள்ளி இரண்டு. பிரிவுத் தலைவருக்குப் பெருமையில் கண்ணே கலங்கிவிட்டது. பத்துப் பேரில் ஒருவரான பதிவறை எழுத்தரும் கைவலிக்கத் தட்டினார். அன்றைக்கே அவருக்குச் செருப்பு கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. செருப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு மூன்று மாதம் நடந்தார், பாவம்.

மனைவி தையல்காரி. அவள் கண்ணை ஏமாற்ற முடியுமா?

"என்னங்க, காலு தூணாட்டம் வீங்கியிருக்கு. ரத்தத்துல எவ்ளோ வந்துச்சு?"

"ஒன்னு புள்ளி ரெண்டு. நார்மல்."

"உங்களுக்கா?"

"எங்களுக்கு."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "பத்துப் பேருக்கும் சராசரி அளவெடுத்து நான் சட்டை தைச்சுக் குடுத்தா ஒருத்தனாவது போடுவானா? போன வருஷம் எவ்ளோ?"

"பூஜ்யம் புள்ளி ஒம்பது. இதே பத்துப் பேருதான்."

கையிலிருந்த சுண்ணக்கட்டியால் வெட்டுத்துணியிலேயே கணக்குப் போட்டாள். "போன வருஷம் எல்லாருக்கும் சேர்த்து ஒம்பது. இந்த வருஷம் பன்னெண்டு. நடுவுல ஏறின மூணு யாரு தலையில ஏறுச்சு? உங்க செக்ஷன்ல வேற யாருக்காவது காலு வீங்கியிருக்கா?"

எழுத்தர் குனிந்து தன் காலைப் பார்த்தார். மறுநாள் காலை முதல் வேலையாகப் பிரிவுத் தலைவர் முன்னால் போய் நின்றார்.

"சார், என் நம்பர் வேணும்."

"உங்க நம்பரா?" தலைவர் மனம் புண்பட்டது முகத்தில் தெரிந்தது. "பதினெட்டு வருஷமா ஒன்னா டீ குடிக்கிறோம். திடீர்னு எதுக்கு இந்தப் பிரிவினை?"

"காலு வீங்குது சார்."

"மொத்தமா பாருங்க. நம்ம செக்ஷன்ல இருபது காலு. அதுல ரெண்டுதான் வீங்கியிருக்கு. எவ்ளோ பெரிய சாதனை!"

"அந்த ரெண்டும் என்னோடது சார்."

"பாத்தீங்களா, மறுபடியும் 'என்னோடது'!" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "தனி முடிவெல்லாம் ரகசியக் கோப்புல இருக்கு. உங்க அந்தரங்கத்தை நாங்க உயிரக் குடுத்துக் காப்பாத்துறோம்."

"யாருகிட்டேருந்து சார்?"

"உங்ககிட்டேருந்துதான்."

ரகசியக் கோப்புகள் எங்கே இருக்கும்? பதிவறையில். பதிவறை யாருடையது? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார் மனிதர்! எண் போட்டு, சிவப்பு நாடா கட்டி, மேல்தட்டில் ஏற்றி வைத்ததே அவர்தான். ரகசியம் என்று எழுதியிருந்தால் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது விதி. பதினெட்டு வருடத்தில் ஒரு நாடாவைக்கூட அவிழ்க்காத உத்தமர் அவர்.

அன்றைக்கு அவிழ்த்தார். ஒன்பது பேருக்கு எல்லாம் சுத்தம். அவர் பெயருக்கு நேரே மூன்று புள்ளி ஒன்பது. அதன் கீழே அழகான கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'மேற்படி ஊழியரால் பிரிவுச் சராசரிக்குப் பாதகமில்லை. மேல்நடவடிக்கை தேவையில்லை. கோப்பை மூடலாம்.' பிறகு வரிசையாக நலக் குழுவினரின் ஒப்பங்கள். ஒப்பமிடுவதில் அந்த அலுவலகத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அன்று மத்தியானமே மனைவி அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். புதிதாக எடுத்த ரத்தத்தில் எட்டு புள்ளி ஒன்று. டாக்டர் புது முடிவையும் எழுத்தர் எடுத்து வந்திருந்த கோப்பின் நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா மருந்துலயே காப்பாத்தப் பாத்திருக்கலாம். இப்ப வாரத்துக்கு மூணு நாள் மெஷின்லதான் ரத்தத்தச் சுத்தம் பண்ணணும். ஏங்க, அவ்ளோ பெரிய ஆபீஸ்ல இத ஒருத்தர்கூடவா பாக்கல?"

மனைவி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பதிவறை எழுத்தர் நகலை வாங்கி, ஒப்பங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்.

"ஏழு பேர் பாத்திருக்காங்க டாக்டர், தேதியோட. பாக்காதது நான் ஒருத்தன்தான்."